அம்மாவின் இரண்டாவது சாட்சி

ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து எழுந்தவர்களே, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பச்சை ஃபிளானல் பலகை கடைசியில் யார் வீட்டுக்குப் போனது? சபை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பாய், டிரம், சுவர்க்கடிகாரம் எல்லாம் வந்து சேர்ந்தன. பலகை மட்டும் வரவில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மட்டும் கொண்டுவந்து காட்டிவிடாதீர்கள். காதோரம் வெள்ளைமுடி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்ட இந்த வயதிலும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்க என்னால் முடியாது.

டீச்சரக்கா காகித உருவங்களின் முதுகில் உப்புத்தாள் ஒட்டி வைத்திருப்பார். பலகையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். தாள் பழசாகிவிட்டதால் கதை நடுவில் ஆட்டிடையன், ராஜா என்று ஒவ்வொருவராகக் கீழே விழுவார்கள், நாம் சிரிப்போம். ஒரு கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை. சபைக்கு முன்னால் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்திலேயே செத்து விழுந்த கதை அது. முதலில் அவன் விழுந்தான், வாலிபர்கள் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நடந்தது தெரியாமல் அவள் வந்து அதே பொய்யைச் சொன்னாள். டீச்சரக்கா அந்தப் பெண்ணைப் பலகையிலிருந்து விரலால் சுண்டிவிட்டார். நீலப் புடவை கட்டியிருந்த அவள் மல்லாந்து என் மடியில் வந்து விழுந்தாள்.

"ஆண்டவர்கிட்ட பொய் சொன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"செத்துருவோம்!" என்று எல்லோரும் கத்தினோம். நானும்தான் கத்தினேன்.

அது சுனாமிக்கு அடுத்த வருஷம். கடல் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான் என்பதால் அந்த வருஷம் முழுக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடிக்கவில்லை. கடலூர் முதுநகரில் நம் வீடுகளெல்லாம் கருவாட்டு வாசனைக்குள் இருந்தன. துறைமுகத்துப் பக்கம் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால்கூடப் பெரியவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடினார்கள். பெரியவர்களுக்கே பயம் என்றால் என்னைப் போன்ற தொடைநடுங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்பா சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு இருந்தார். சபையில் முதல் ஆளாகக் கைதட்ட ஆரம்பித்துக் கடைசி ஆளாக நிறுத்துகிறவர் அவர்தான் என்று சொன்னால் முகம் ஞாபகம் வந்துவிடும். அம்மா சிதம்பரத்துப் பெண். நடராஜர் கோயில் வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த மாமாவின் ஒரே தங்கை. கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாதம் தவறாமல் அங்கே போய் மாத்திரை வாங்கி வருவாள். தவறாமல் சாப்பிட்டதால் வலிப்பு வருவதே நின்றுபோயிருந்தது. நான் அதைப் பார்த்தது மிகச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரே முறைதான். இடது கை விரல்கள் முதலில் மடங்கும், பிறகுதான் மற்றதெல்லாம்.

மே மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. மணலில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது எனக்கு. ஊழியக்காரர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு, விடுதலை பெற்றவர்கள் மேடைக்கு வரலாம் என்றார். அத்தை அம்மாவின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனார். "போம்மா, வெக்கப்படாத. எனக்கு உள்ளுக்குள்ள சொல்லிட்டாரு, உனக்கு இன்னிக்கி விடுதலை."

மேடையில் அத்தைதான் நோயின் பெயரைச் சொன்னார். ஊழியக்காரர் அம்மாவிடம் மைக்கை நீட்டினார்.

"இப்ப ஒடம்புல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா சிஸ்டர்?"

"இப்ப ஒண்ணும் இல்லைங்க ஐயா."

அது உண்மைதான். வலிப்புக்காரிக்கு வலிப்பு வராத நேரத்தில் என்ன தொந்தரவு இருக்கும்? ஆனால் மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அப்பா அழுதுகொண்டே சிரித்தார். பெரிய மனிதர்கள் அத்தனை பேர் இருந்த இடத்தில், கேள்வி தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அன்று நானும் கைதட்டினேன்.

நம் சபையில் சாட்சி நேரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் எல்லோரும் அல்லேலூயா சொல்வோம். முதல் வாரம் அம்மா நடந்ததை நடந்தபடி சொன்னாள். அல்லேலூயா சுமாராகத்தான் வந்தது. அடுத்த வாரம் பக்கத்துச் சபையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்கள். இந்த முறை அம்மா, தலையிலிருந்து நெருப்பு மாதிரி ஒன்று இறங்கியது என்றாள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அதிர்கிற மாதிரி அல்லேலூயா. அதற்கடுத்த வாரம் பாஸ்டர் கேட்டார்.

"மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சா சிஸ்டர்?"

அம்மா ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தியாச்சுங்க ஐயா."

அன்று காலைதான், சபைக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அம்மா மாத்திரை விழுங்கியதை நான் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். விரலை உதட்டில் வைத்தாள். அவ்வளவுதான். இப்போது அதே அம்மா சபைக்கு நடுவில் நின்று இப்படிச் சொல்கிறாள். அன்று அம்மா என்ன புடவை கட்டியிருந்தாள் என்று நினைவில்லை, ஆனால் எப்போது யோசித்தாலும் நீலமாகத்தான் தெரிகிறது.

அந்த வாரத்திலிருந்துதான் நான் பாயை விட்டு எழுந்துபோய்ப் பெண்கள் பக்கம் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு உட்காரத் தொடங்கினேன். நீங்களெல்லாம் என்னை 'அம்மா கோண்டு' என்று கேலி செய்தீர்கள். செய்யுங்கள், எனக்கென்ன. நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள், நான் அம்மா எந்த நிமிஷம் விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி தூக்கிப் போடுகிற வாலிப அண்ணன்களைப் பார்ப்பேன். இவர்கள்தான் அம்மாவைத் துணியில் சுற்றித் தூக்கப்போகிறவர்கள் என்று நினைப்பேன். அதில் ஒரு அண்ணன் எனக்கு எப்போதும் புளிப்பு மிட்டாய் கொடுப்பார். அவர் கொடுத்தால் வாங்காமல் ஓடிவிடுவேன். பாவம், ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மாத்திரையை அம்மா உளுந்து டப்பாவுக்குள் காகிதப் பொட்டலமாக வைத்திருந்தாள். அந்தப் பெரிய பிஸ்கட் டப்பா, மூடியில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம். ஒரு நாள் அத்தை, "இட்லிக்கு நானே ஊற வச்சிடுறேன்" என்று படியை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் பாய்ந்து போய், "அத்த, நான் அளந்து தர்றேன் அத்த" என்று டப்பாவைக் கட்டிப்பிடித்தேன். "அடி என் தங்கமே, பொண்ணு பொறுப்பா வர்றா" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். உளுந்துக்குள் கை விட்டபோது பொட்டலம் விரலில் பட்டது. அப்போதுதான் அந்தக் கதையில் செத்தவர்கள் இரண்டு பேர் என்பது உறைத்தது. மறுநாள் அந்த இட்லியை நான் தொடவில்லை.

மாத்திரை தீர்ந்தால் 'அண்ணன் வீட்டுக்குப் போறேன்' என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவாள். ஜூன் மாதம் போனபோது மாமா கடையில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டார்.

"ஏம்மா, நல்லாயிட்டுதுன்னா எதுக்கு மாத்திரை? நல்லாவலன்னா எதுக்கு மைக்ல சொன்ன?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவுரு அவ்ளோ சந்தோசப்படுறாருண்ணே. கல்யாணம் ஆனதுலேந்து எனக்கு எப்ப வருமோ எப்ப வருமோன்னே கெடந்தவரு. இப்பத்தான் நிம்மதியா தூங்குறாரு."

"மச்சான் தூங்குறதுக்கு நீ சாவப் போறியா?" என்றார் மாமா. பிறகு நான் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "வா மருமவளே, ரோஸ்மில்க் குடிக்கலாம்" என்று வெளியே அழைத்துப் போனார். மாமாவின் வாயிலிருந்து 'சாவு' என்ற வார்த்தை வந்ததும் எனக்கு ரோஸ்மில்க்கும் கசந்தது. அம்மா சாகப்போவது சிதம்பரத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த முறை மாத்திரை தீரும் நேரத்தில் ஆனித் திருமஞ்சனம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் தேர். அம்மா புடவையை மடித்துப் பைக்குள் வைக்கும்போதே அத்தை வாசலில் வந்து நின்றார்.

"தேர் நேரத்துல அங்க இன்னா வேலை?"

"அண்ணனப் பாத்துட்டு வந்துடுறேன் அண்ணி."

"அண்ணனையா, தேரையா? சாட்சி சொன்ன பொம்பள அந்த வீதியில நின்னா பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா நல்லவர்தான். "தேர் முடிஞ்சி கூட்டம் கொறையட்டும், அப்புறமா போயேன், இன்னா அவசரம்?" என்றார். அவசரம் என்னவென்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. பைக்குள் வைத்த புடவையை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். இத்தனைக்கும் அவள் தேர் பார்க்கப் போகவில்லை. தேர் பார்க்கத்தான் போகிறாள் என்று அவர்கள் நம்பியதை மறுக்க அவளிடம் இருந்த ஒரே வழி, உண்மையைச் சொல்வது. முதுநகரிலேயே வாங்கலாம் என்றால் மருந்துக்கடைக்காரர் நம் சபை மூப்பர். மாமாவை வரச்சொல்லலாம் என்றால் தேர் நேரத்தில் அவர் கடையை விட்டு அசைய முடியாது. அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டாள். பிறகு அந்தப் பாதியும் இல்லை. நான் உளுந்துக்குள் கை விட்டுத் துழாவிப் பார்த்தேன், வெறும் காகிதம்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால் நீங்கள் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு.

ஆராதனை உச்சத்தில் இருந்தது. டிரம்மும் கஞ்சிராவும் ஒரே சத்தம். அவரவர் கண்ணை மூடிக் கையை உயர்த்தியிருந்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்ந்திருந்த அவள் இடது கையில் விரல்கள் மடங்கின. பிறகு சாய்ந்து, இரண்டு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு விழுந்தாள். உடம்பு உதறத் தொடங்கியது.

"அபிஷேகம்! அபிஷேகம் எறங்குது!" என்று அத்தை கத்தினார்.

நம் சபையில் பரிசுத்த ஆவியில் நிறைந்து, அபிஷேகம் பெற்று விழுகிறவர்கள் உண்டல்லவா? விழுந்தவர்களை யாரும் தொடக்கூடாது, துதி மட்டும் செய்ய வேண்டும். அதைத்தான் எல்லோரும் செய்தார்கள். சுற்றி நின்று கைதட்டினார்கள். டிரம் வேகம் பிடித்தது. அம்மாவின் பல் கிட்டிக்கொண்டு வாயோரம் நுரை வந்தது. தலை சிமெண்டுத் தரையில் மோதிக்கொண்டே இருந்தது. ஒருவர்கூட அந்தத் தலைக்கு அடியில் கை கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை மோதும்போதும் அல்லேலூயா என்றார்கள்.

எனக்கு அப்போது ஒரே நேரத்தில் இரண்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இது வலிப்பு, மாத்திரை இல்லாததால் வந்தது. இது தண்டனை, பொய் சொன்னதால் வந்தது. வாயைத் திறந்தால் அம்மா பொய் சொன்னது சபைக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் செத்துவிடுவாள். என்னுடைய பாவாடை நனைந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"வலிப்பு! வலிப்பு!" என்று கத்தினேன். கஞ்சிரா சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாஸ்டரம்மாவின் புடவையை இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமல் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து ஆண்கள் பக்கம் ஓடினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, சந்தோஷமாக நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். கண்ணைத் திறந்தார்.

"அப்பா, அபிஷேகம் இல்லப்பா. வலிப்பு. அம்மா மாத்திரைய நிறுத்தல. தீந்துபோச்சிப்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே அம்மாவின் மடங்கிய இடது கை மட்டும் தெரிந்தது. அவருக்கு அந்தக் கையைத் தெரியாதா? நாற்காலிகளைத் தாண்டி ஓடினார். "நிறுத்துங்க! நிறுத்துங்கடா!" என்று கத்தியபடி அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். சபைக்குள் யாரும் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. டிரம் நின்றது.

வாலிப அண்ணன்கள்தான் தூக்கினார்கள். மிட்டாய் அண்ணனும் இருந்தார். துணியில் சுற்றவில்லை. அம்மா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ மஞ்சக்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்வரை நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா கண்விழித்து, பேசத் தெம்பு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உளுந்து டப்பாவைக்கூட விடவில்லை. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீங்க பழையபடி தூங்க மாட்டீங்க."

அப்பா வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

மறுநாள் பாஸ்டர் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், சபையில பாதிப் பேரு அபிஷேகம்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அது அப்படியே இருக்கட்டுமே. உங்க சாட்சியைக் கேட்டுப் புதுசா வந்தவங்க ஜாஸ்தி. இடறிப்போயிடுவாங்க" என்றார். அன்று அவர் எனக்கு மலை மாதிரி பெரியவர். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்று அவர் இன்றைய என்னைவிடச் சின்னப் பையன். அவருக்கும் பயம்தான், வேறென்ன. அம்மா ஆரஞ்சை உருட்டிக்கொண்டே கேட்டாள். "நான் எழுந்து சொன்னா நீங்க தடுப்பீங்களா ஐயா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தாள். நெற்றியோரம் தையல் போட்ட இடத்தில் பிளாஸ்திரி இருந்தது. நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தேன். என் கணக்கு வேறு. விழுந்தவளை ஆண்டவர் ஏதோ வேலையில் பாதியில் விட்டிருந்தாரென்றால், இப்போது இவளே காட்டிக்கொடுக்கப் போகிறாளே!

"நான் இங்க நின்னு மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னேன். அது பொய்யிங்க" என்றாள் அம்மா. "நெருப்பு மாதிரி எறங்குச்சின்னு சொன்னதும் பொய்யி. போன வாரம் விழுந்தது அபிஷேகம் இல்ல, வலிப்பு. மாத்திரை தீந்துபோச்சி, போயி வாங்கப் பயந்துகிட்டு இருந்துட்டேன். கர்த்தர் எனக்கு இன்னா செஞ்சாருன்னா, எம் பொண்ணுக்கு வாயத் தொறக்க தைரியம் குடுத்தாரு. இந்தச் சாட்சி உண்மை."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாற்காலி சாயும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"மாத்திரை இப்ப கையில இருக்கா சிஸ்டர்?" என்று பாஸ்டரின் குரல் கேட்டது.

"நாலு நாளைக்கி இருக்குதுங்க ஐயா. நாளைக்கிப் போயி வாங்கணும்."

"தவறாம சாப்பிடுங்க" என்றார் பாஸ்டர். அம்மா உட்கார்ந்தாள். உயிரோடுதான் உட்கார்ந்தாள். அவள் கை ஈரமாகச் சில்லென்று இருந்தது. நான் அதை ஆராதனை முடியும்வரை விடவில்லை.

மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போகாமல் எங்களோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் நான் அம்மாவிடம் அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"பொய் சொன்னப்ப நீ ஏம்மா சாகல?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எந்தக் கதை என்று கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்த கதைதான்.

"எனக்குந்தான்டி தெரியல" என்றாள். "டெய்லி படுக்கும்போது, இன்னியோட சரின்னு நெனச்சிக்கிட்டுத்தான் படுத்தேன். அதான் உன் யூனிபாரம், ரிப்பன், சாக்ஸ் எல்லாத்தையும் மொதநாளே ஒண்ணா எடுத்து வச்சிட்டுப் படுப்பேன். காலையில நான் இல்லன்னா உங்கப்பாவுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றொரு கையால் முன் சீட்டில் இருந்த அப்பாவைத் தட்டினாள். அப்பா திரும்பினார். என் யூனிபாரம் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது, ரிப்பன் எங்கே, சாக்ஸ் எங்கே என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.